மூன்று ராத்தல் விசை

வைகோரா மேல்குடில்
9 ஜூன் 1964

ஏ. மக்கீ அவர்களுக்கு,
துப்பாக்கிப் பழுதுப் பிரிவு, ஸ்ட்ரோனக் கடை, இன்வர்கார்கில்.

ஐயா,

இத்துடன் வரும் துப்பாக்கி என்னுடையது. என்னுடையது என்றால், மான் சுடும் குத்தகையை எடுத்து எங்களை இந்த மலையில் கொண்டுவந்து போட்டிருக்கும் டெனெஹி கொடுத்தது. உடம்பு பழைய ராணுவத்துடையது. விசை மட்டும் புதிது, எங்கோ மலிவாகக் கிடைத்திருக்கும். நீங்களே இழுத்துப் பாருங்கள். ஏழு ராத்தல் கனம் இருக்கும் என்கிறான் என் கூட்டாளி ரேவி. பாதி இழுப்பதற்குள் குழல் ஆடிவிடுகிறது. குளிர்காலம் பிறந்துவிட்டது; காலையில் முகட்டில் உறைபனி, விரலில் உயிர் இருப்பதில்லை. மான் நிற்கும் நேரமோ இரண்டு மூச்சு.

டெனெஹியின் விதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாதம் அறுபது வால். சுட்ட மானின் வாலை அறுத்துக் கம்பியில் கோத்து, ஏரியில் இறங்கும் விமானத்தில் அனுப்ப வேண்டும். குறைந்தால் அடுத்த விமானத்தில் மூட்டையோடு நாங்களே போக வேண்டும். போன மாதம் எனக்கு நாற்பத்தொன்று. ரேவிக்கு எண்பது. அவன் தன் கம்பியிலிருந்து இருபதை உருவி என் கம்பியில் கோத்துவிட்டு, "அறுபத்தொண்ணு ஆச்சு. மிச்சம் ஒண்ணை வச்சு சூப்பு காய்ச்சிக்க" என்றான். எப்போதும் இப்படி நடக்காது.

ஒன்றரை ராத்தலுக்கு இறக்கித் தாருங்கள். தொட்டால் போதும் என்று இருக்க வேண்டும்.

அது திரும்பி வரும்வரை நான்தான் சமையல். ரேவியின் அம்மா கடலோரத்து பிளஃப் ஊரிலிருந்து கடற்பாசிப் பையில் கொழுப்போடு அடைத்து அனுப்பிய தீத்திப் பறவையை வேகவைக்கிறேன். குடிலே நாறுகிறது. சீக்கிரம் அனுப்புங்கள்.

டெஸ்மண்ட் லோகன்


இன்வர்கார்கில்
19 ஜூன் 1964

டெஸ்மண்ட் லோகன் அவர்களுக்கு,

உங்கள் விசை ஏழு இல்லை, ஆறே முக்கால். குழலை நிமிர்த்திப் பிடித்து, விசையில் ஒரு கம்பிக் கொக்கியை மாட்டி, அதில் ஜாம் டப்பாவைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவது என் வழக்கம். உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசி விழுந்த சத்தம் கேட்டதும் டப்பாவைத் தராசில் வைப்பேன். கைக்கணக்கை நான் நம்புவதில்லை.

முன்பக்கத் திருகாணி ஸ்பிரிங்கை அழுத்துகிறது. தளர்த்தினால் விசை இலேசாகும். ஆனால் ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை அதன் இடத்துக்குத் திருப்பித் தள்ளுவதும் அதே ஸ்பிரிங்தான். அதிகம் தளர்த்தினால் கொக்கி முழுதாக ஏறாது. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை மூடும்போதே வெடிக்கும். விரலே வேண்டாம்.

மூன்று ராத்தலில் நிறுத்தியிருக்கிறேன். போல்ட்டை நாற்பது முறை அறைந்து மூடினேன். கொட்டாப்புளியால் துப்பாக்கிக் கட்டையின் நாலு பக்கமும் தட்டினேன். விழவில்லை. இரண்டரையில் நாற்பதுக்கு ஒருமுறை விழுந்தது. அந்த ஒருமுறை முன்னால் யார் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதனால் ஒன்றரை கிடையாது.

திருகாணியின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். அது காய்ந்த நகப்பூச்சு. அதிர்வில் திருகாணி தளராமல் பிடித்துக்கொள்ளும். யாராவது திருப்பினால் பொட்டு உடையும். பொட்டு உடைந்த துப்பாக்கிக்கு நான் பொறுப்பில்லை.

ஏ. மக்கீ


வைகோரா மேல்குடில்
7 ஜூலை 1964

ஐயா,

துப்பாக்கி வந்தது. முன்பைவிட எவ்வளவோ மேல், நன்றி. அந்தச் சிவப்பு உங்கள் வீட்டம்மாவின் டப்பியிலிருந்து திருடியதா? ரேவி பார்த்துவிட்டு, "உன் துப்பாக்கி சனிக்கிழமை டான்ஸுக்குக் கிளம்பிடுச்சுடா" என்றான். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அதற்கு ஒரு வணக்கம் வைக்கிறான்.

சிரிப்பெல்லாம் நேற்றோடு போயிற்று. இன்று விமானத்தில் டெனெஹியே வந்து இறங்கினான். துப்பாக்கி இரண்டு வாரம் உங்களிடம் இருந்தது அவன் கணக்கில் வரவில்லை.

"முப்பத்தி மூணு. மிச்சம் இருபத்தேழு வால் எங்கடா?"

"துப்பாக்கி கடையில இருந்துச்சு."

"எவ்வளவுல வச்சு அனுப்பியிருக்கான்?"

"மூணு ராத்தல்."

"மூணா? உனக்கு என்ன, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற துப்பாக்கியா வேணும்? பக்கத்துப் பள்ளத்தாக்குல என் ஆளுங்க எல்லாரும் ஒன்றரைதான். எவனும் சாகல."

அவன் போட்டிருந்த மேலங்கி முழுக்க ஆட்டுத்தோல். எங்கள் குடிலில் இரண்டு போர்வை. அதை அவன் எண்ணவில்லை. ஜூலையிலும் அறுபது தேறாவிட்டால் இறங்கிவிடு என்று சொல்லிவிட்டுப் போனான். இறங்கினால் எனக்கு மாட்டுப்பண்ணையில் சாணி அள்ளும் வேலைதான், அதுவும் என் அண்ணனின் தயவில். அதற்கு நான் இங்கேயே உறைந்துபோவேன்.

இன்னும் ஒரு ராத்தலாவது குறைத்துத் தர முடியுமா? ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை கேட்கிறேன்.

டெஸ்மண்ட்


இன்வர்கார்கில்
17 ஜூலை 1964

லோகன் அவர்களுக்கு,

என் வீட்டில் வீட்டம்மா கிடையாது. நகப்பூச்சு என்னுடையது. ஏ என்பது ஐல்சா. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை என்று நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

பதினாறு வயதில் இந்தக் கடையில் பெருக்க வந்தேன். பட்டறைக்காரர் குடித்துவிட்டு வராத நாட்களில் அவர் வேலையை நான் செய்தேன். பிறகு அவர் வரவே இல்லை. திரு. ஸ்ட்ரோனக் வேறு ஆள் எடுக்கவில்லை. பெருக்குகிறவளின் கூலியிலேயே துப்பாக்கியும் சரியாகிறதென்றால் எதற்கு எடுக்க வேண்டும்? ரசீதில் "ஏ. மக்கீ" என்று மட்டும் போடு, ஆள் வந்தால் திரைக்குப் பின்னால் இரு என்றார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. முன்னால் நின்று, "உங்க மக்கீ கைராசிக்காரன்யா" என்று வாடிக்கையாளர்கள் சொல்வதும், அவர் தலையாட்டுவதும் திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்.

இதை உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், யாரிடமும் சொல்ல முடியாது என்பதாலாக இருக்கலாம்.

மூன்றுக்குக் கீழே இறக்க மாட்டேன். டெனெஹியின் ஆட்களில் எவனும் சாகவில்லை என்பது நல்ல விசைக்கு அத்தாட்சி இல்லை. இன்னும் யாரும் குறுக்கே நிற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஐல்சா மக்கீ


வைகோரா மேல்குடில்
4 ஆகஸ்ட் 1964

ஐல்சா அவர்களுக்கு,

"ஐயா" என்று ஆரம்பித்த இரண்டு கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிடுங்கள். ரேவியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "எங்கம்மா காதுல விழுந்தா உன் காதைத் திருகிடுவாங்க. தீவுல பறவை பிடிக்கறதுல ஒரு ஆம்பளை அவங்ககிட்ட நிக்க முடியாது" என்றான். ஏப்ரல் பிறந்தால் தீத்தி பிடிக்கக் குடும்பத்தோடு அந்தத் தீவுக்குப் போய்விடுவான். டெனெஹி தலைகீழாக நின்றாலும் ஏப்ரலில் அவன் இங்கே இருக்கமாட்டான். பொறாமையாக இருக்கிறது. எனக்கு அப்படிப் போக ஓர் இடம் இல்லை.

ஜூலையில் ஐம்பத்தாறு. மறுபடியும் ரேவிதான் நாலு கொடுத்தான். அவன் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே கொடுக்கிறான். எனக்குத்தான் கூசுகிறது.

இரண்டு விஷயம். குறிபார்க்கும் கண்ணாடியின் திருகாணிகள் வழிநெடுகத் தளர்ந்துபோகின்றன. உங்கள் நகப்பூச்சு கொஞ்சம் கிடைத்தால் அவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவேன். இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ளத்தான்: அந்த முன் திருகாணியை ஒரு சுற்று திருப்பினால் எவ்வளவு குறையும்? உங்களைப்போல விவரமாகச் சொல்கிற ஆள் இங்கே யாரும் இல்லை.

டெஸ்மண்ட்


இன்வர்கார்கில்
14 ஆகஸ்ட் 1964

டெஸ்மண்ட்,

ஒரு சுற்றெல்லாம் இல்லை. கால் சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் ராத்தல். இந்த வகை விசையில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. திரு. ஸ்ட்ரோனக்குக்கே தெரியாது.

குப்பியை அனுப்பியிருக்கிறேன், பாதி இருக்கிறது. இந்தச் சிவப்பு இப்போது கடைகளில் வருவதில்லை, சிக்கனமாக வையுங்கள். திருகாணியை முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாது. விசைக்குள் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அது இல்லையென்றால் எதுவுமே வேண்டாம்.

ரேவிக்கு என் வணக்கம். அவன் அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

ஐல்சா


இன்வர்கார்கில்
21 செப்டம்பர் 1964

டெஸ்மண்ட்,

ரேவி இறந்ததைப் பத்திரிகையில் படித்தேன். ஆறு வரி. அதற்குக் கீழே ஆட்டுச் சந்தை விலை.

உன் கடிதம் வரும் என்று போன விமானம்வரை காத்திருந்தேன். வந்தது போலீஸ் சார்ஜெண்ட். உன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். திரு. ஸ்ட்ரோனக் முன்னால் நின்றார். நான் திரைக்குப் பின்னால்.

"இது உங்க கடையில செஞ்ச வேலைதானே? ரசீது இருக்கு."

"இருக்கலாம்."

"விசை ஒன்றரை ராத்தல் காட்டுது. இவ்வளவு இலேசா வச்சா குடுப்பீங்க? சிவப்புப் பொட்டு உடையாம அப்படியே இருக்கு. அப்போ உங்க கடையிலேருந்து போனபடியேதான் இருக்கு."

"ஐயோ சார், அதை நான் செய்யல. உள்ள ஒரு பொண்ணு இருக்கா. பெருக்கத்தான் வச்சிருந்தேன். எனக்குத் தெரியாம கைவச்சிருக்கா."

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரே திரையை விலக்கினார்.

மூன்று ராத்தல் என்று எழுதிய என் குறிப்பேட்டைக் காட்டினேன். "இதை நீங்க எப்போ வேணா எழுதியிருக்கலாமே" என்றார் சார்ஜெண்ட். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நவம்பர் 17இல் மரண விசாரணை. அதுவரை என் மேசையில் நான் உட்காரக்கூடாது. என் கருவிகள் பெட்டிக்குள், பெட்டி ஸ்ட்ரோனக்கின் பூட்டுக்குள்.

நான் வைத்த பொட்டு தட்டையாக இருக்கும். தீக்குச்சி முனையால் வைப்பேன். அந்தத் துப்பாக்கியில் இருந்தது தூரிகையால் வைத்தது, ஓரத்தில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. அதைச் சார்ஜெண்டிடம் சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

என்ன நடந்தது?

ஐல்சா


வைகோரா மேல்குடில்
6 அக்டோபர் 1964

ஐல்சா,

என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொன்னால் யாரும் நம்பவில்லை. செப்டம்பர் 8, காலை. முகட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். ரேவி எனக்கு நாலடி முன்னால், கொஞ்சம் கீழே. வலப்பக்கம் கொம்புமான் ஒன்று எழுந்தது. போல்ட்டை மூடினேன். வெடித்தது. விசையில் என் விரல் இல்லை. சத்தியமாக இல்லை. சார்ஜெண்ட் எழுதிக்கொண்டார், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவனை இறக்க ஒன்பது மணிநேரம் ஆயிற்று. ரேடியோவில் விமானம் கேட்டால், மேகம் என்றார்கள்.

டெனெஹி என்னை இங்கேயே வைத்திருக்கிறான். ரேவியின் கட்டிலில் இப்போது வேறொருவன். பெயர் கேட்கவில்லை. டெனெஹி சொன்னது: "பொட்டு உடையல, அது போதும். நீ வாயைத் திறக்காத. அந்தக் கடைக்காரி பாத்துக்குவா. பொம்பளையை ஜெயில்ல போடமாட்டாங்க. நீ வாயைத் திறந்தா உனக்கும் கேடு, நாளைக்கு எல்லாத் துப்பாக்கியையும் வந்து நோண்டுவான்."

குளிரில் திருகாணி தானாகத் தளராதா? மலையில் எல்லாமே தளர்கிறது. விசையை நான் அசட்டையாக வைத்திருக்கவில்லை. எண்ணெய் தீர்ந்துபோனதால் ரேவியின் பறவைக் கொழுப்பை உருக்கி விட்டேன், ஆகஸ்ட் கடைசியில். பளபள என்று வேலை செய்தது.

உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

டெஸ்மண்ட்


இன்வர்கார்கில்
12 அக்டோபர் 1964

டெஸ்மண்ட்,

தளராது. பொட்டுக்கு அடியில் ஒரு திருகாணி அரைச் சுற்று தளர்ந்தால் பொட்டு முழுதாக இருக்குமா? உனக்கே தெரியும்.

கொழுப்பு என்று எழுதியிருக்கிறாய். அடுப்பு இருக்கும் குடிலில் அது எண்ணெய். உறைபனியில் மெழுகு. ஸ்பிரிங் நல்ல இறுக்கத்தில் இருந்திருந்தால் அந்த மெழுகையும் தள்ளிக்கொண்டு கொக்கியை ஏற்றியிருக்கும். தளர்ந்த ஸ்பிரிங்கால் முடியாது. கொக்கி பாதியில் நிற்கும். போல்ட்டை அறைந்து மூடினால் ஊசியைப் பிடிக்க எதுவும் இல்லை.

அதனால் நீ விசையைத் தொடவில்லை என்பது உண்மை. அதை விசாரணையில் நான் சொல்லப் போகிறேன். துப்பாக்கியை இறைச்சி ஆலையின் குளிரறையில் வைத்து மூடிப் பாருங்கள் என்று சார்ஜெண்டுக்கு எழுதிவிட்டேன். நீ என்ன செய்தாலும் அதை நான் செய்வேன். குப்பியை அனுப்பியது நான், கால் சுற்றுக் கணக்கைப் பெருமைக்காக எழுதியது நான். அதையும் சொல்வேன்.

நீ சொல்வது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் நான். நான் சொல்வது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. கெடுதல் நினைக்கவில்லை என்று எனக்கு எழுதாதே.

ஐல்சா


இன்வர்கார்கில், ரயிலடித் தங்குவிடுதி
4 நவம்பர் 1964

ஐல்சா,

நேற்று விமானத்தில் இறங்கிவிட்டேன். டெனெஹியிடம் கேட்கவில்லை. இதைக் கடையின் பின்வாசலில் வைத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகஸ்ட் 29. மாதக் கடைசி. எனக்கு ஐம்பத்து மூன்று வால். அடுப்புக்குப் பக்கத்தில் துப்பாக்கியைப் பிரித்தேன். ரேவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு வச்ச பொட்டை உடைக்காதடா."

"ஏழு குறையுது."

"அவ்வளவுதானே." அவன் எட்டித் தன் கம்பியை எடுத்தான். "இந்தா. உருவிக்க."

"ஒவ்வொரு மாசமும் உன்கிட்ட பிச்சை எடுக்கணுமா?"

"பிச்சையா? நாளைக்கு என் காலு உடைஞ்சா நீ குடுக்கமாட்டியா? வால்டா இது. மான் பின்னாடி ஆடிட்டு இருந்தது. இதுக்குப் போய் ரோஷப்படறான் பாரு."

அவன் அதை என் மடியில் போட்டான். நான் எடுத்து அவன் கட்டிலில் எறிந்தேன். அவன் அதை ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நான் அரைச் சுற்று திருப்பினேன். கொழுப்பை விட்டேன். இருபது முறை போல்ட்டை மூடிப் பார்த்தேன், அடுப்பு வெப்பத்தில், மெதுவாக. ஒருமுறைகூட விழவில்லை. உங்கள் தூரிகையால் பொட்டு வைத்தேன். கடைசிக் கணக்குக்கு முன் மூன்று நாளில் எனக்கு ஒன்பது மான் விழுந்தது. அறுபத்திரண்டு. ரேவியிடமிருந்து ஒன்றும் வாங்காமல் அறுபதைத் தாண்டிய முதல் மாதம். அன்று அவனுக்கு நான் அடை சுட்டுக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டான். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்தேன். எட்டு நாள் கழித்து அவன் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தான்.

மேலே எழுதிய எல்லாவற்றையும் சார்ஜெண்டிடம் சொல்லிவிடுவேன். டெனெஹி ஒன்றரை என்று சொன்னதையும். எழுதிக்கொள்வாரா என்று தெரியவில்லை.

குப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் இருக்கிறது. போலீஸ் கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் உங்களுடையது.

டெஸ்மண்ட்


இன்வர்கார்கில்
8 மார்ச் 1965

டெஸ்மண்ட்,

சிறைக்கு மாதம் ஒரு கடிதம் வரலாம் என்றார்கள். உனக்கு எழுத வேறு யாராவது இருந்தால் அவர்கள் இடத்தை நான் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

விசாரணையில் நீ கடைசிவரை குனிந்தே உட்கார்ந்திருந்ததால் பலதைப் பார்த்திருக்கமாட்டாய். குளிரறையில் பதினோராவது தடவை, எவர் விரலும் படாமல் ஊசி விழுந்தது என்று சார்ஜெண்ட் படித்தபோது விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அதனால்தான் டிசம்பர் வழக்கில் உனக்கு ஆறு மாதம். இல்லாவிட்டால் ஆறு வருடம். மாத அறுபது வால் பற்றி நான் ஆரம்பித்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார். யாரும் கேட்கவில்லை. டெனெஹி இரண்டாம் வரிசையில் அதே ஆட்டுத்தோல் மேலங்கியோடு இருந்தான். சாட்சிக்குக்கூட அவனைக் கூப்பிடவில்லை. அவனுடைய ஆட்கள் இன்னும் ஒன்றரையில்தான் சுடுகிறார்கள்.

என்மேல் தவறு இல்லை என்று தீர்ப்பில் வந்தது. பத்திரிகையிலும் வந்தது, முழுப் பெயரோடு, ஐல்சா என்று. ஒரு வாரத்தில் இருபத்திரண்டு பேர் வந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். பன்னிரண்டு வருடம் என் கை பட்ட துப்பாக்கிகள். ஒருவர் என் முகத்துக்கு எதிரேயே, "பொம்பளை நோண்டினதுன்னு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா ஸ்ட்ரோனக்?" என்றார். "எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார் ஸ்ட்ரோனக். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பகலில் சலவைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கொட்டகையில் மேசை போட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக ஒருவரும் வரவில்லை.

போன சனிக்கிழமை ஒருத்தி வந்தாள். பெரிய உடம்பு, தலையில் துணி, தோளில் துப்பாக்கி. வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நகத்துக்குப் பூசறதைத் துப்பாக்கிக்குப் பூசற பொண்ணு நீதானா?"

"ஆமா."

"நான் மேரெ. ரேவியோட அம்மா. பிளஃப்ல இருந்து வரேன்."

அவளே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இது அவன் சொந்தத் துப்பாக்கி. என் மக இதைத் தூக்கிட்டு மலைக்குப் போறேங்கறா. அந்த டெனெஹிகிட்ட இல்ல, வீட்டுக்கு இறைச்சிக்கு. அடிச்சுப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன். கேக்கமாட்டா. அவனை மாதிரியே. இந்த விசையைக் கனமாக்கிக் குடு."

"எவ்வளவு வேணும்?"

"எனக்கென்ன தெரியும்? தெரியாம இழுத்துற முடியாத அளவு."

உள்ளே அதே பறவைக் கொழுப்பு, பழையது, பூசியிருந்தது. அவள் கண்ணெதிரே எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் கழுவினேன். கழுவக் கழுவப் பறவை வாடை எழுந்தது. திருகாணியை இறுக்கினேன். விசையில் கம்பிக் கொக்கியை மாட்டி ஜாம் டப்பாவைத் தொங்கவிட்டபோது, "குண்டை நான் போடறேன்" என்றாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். இடையில் ஒருமுறை நிறுத்தி, "இன்னும் தாங்குதா?" என்று கேட்டாள். தாங்குது என்றேன். கை முழுக்க அள்ளிப் போடலாம், அவள் அப்படிச் செய்யவில்லை. ஊசி விழுந்ததும் அவள் தோள் துள்ளியது. தராசில் வைத்தேன். ஐந்து ராத்தல் இரண்டு அவுன்ஸ்.

"போதும்" என்றாள்.

நாற்பது முறை போல்ட்டை அறைந்து மூடினேன். அவள் நாற்பதையும் வாய்விட்டு எண்ணினாள்.

பொட்டு வைக்க என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. போலீஸ் திருப்பித் தந்த உன் குப்பிதான். ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் பையன்கூட இருந்தவன்கிட்ட இருந்ததா அது?"

பொய் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "ஆமா" என்றேன்.

அவள் எழுந்து என் கையிலிருந்து குப்பியை வாங்கினாள். தூரிகையைத் தானே எடுத்து, திருகாணியின் தலையில் வைத்து அழுத்தினாள். நான் வைப்பதுபோலத் தட்டையாக இல்லை. அந்தத் திருகாணி முழுக்க மூடிப்போகும் அளவுக்குப் பெரிதாக வைத்தாள். குப்பி காலி.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படலைத் திறந்தபோது மட்டும், "அவன் எப்போ வெளிய வரான்?" என்றாள். ஜூன் என்றேன். "ஏப்ரல், மே தீவுல இருப்போம். ஜூன்ல வீட்லதான் இருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் குரலில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்ததாக எழுதினால் பொய்.

வெளியே வந்ததும் என்னைப் பார்க்க வராதே. எனக்கு நீ சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டாய். முதலில் பிளஃபுக்கு ரயில் ஏறு.

ஐல்சா மக்கீ